கல் விழுமுன் எழுந்த குரல்!

எதிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பது ஆளவந்தார்களின் வாடிக்கை. எந்த நாடாயினும் சரி, எந்தக் கட்சி அரியணையில் அமர்ந்திருப்பினும் சரி, இந்த வாடிக்கை மட்டும் மாறுவதில்லை. "கோடி கோடியாக முதல் வருகிறது; ஆயிரம் ஆயிரமாக வேலை வருகிறது; வறண்டு கிடக்கும் கடற்கரை வானளாவும் நகரமாகப் போகிறது" என்று பறை சாற்றுவர். அந்த ஆரவாரத்துக்கிடையே எவனேனும் ஒருவன் எழுந்து, "இந்தக் கரையில் இன்று வாழ்வோர் என்னாவர்? இந்தக் கடல் என்னாகும்?" என்று கேட்டுவிட்டாலோ, தீர்ந்தது! முன்னேற்றத்தின் பகைவன் என்று அவனுக்குப் பட்டம் சூட்டிவிடுவர்.

கேட்டவன் பகைவன்தானா? காலத்தில் எழும் எதிர்ப்பினால் நாட்டுக்கு இழப்பா, ஆதாயமா? இதை உணர்ச்சி கொண்டு பேசுவானேன், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்! கணக்குக்கு இரண்டு கடற்கரைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மெக்சிகோ நாட்டில். மற்றொன்று ஸ்பெயின் நாட்டில். இரண்டும் இயற்கைப் புகலிடங்கள் என அரசே அறிவித்துக் காவலில் வைத்த இடங்கள். இரண்டின்மீதும் செல்வர் உல்லாச மாளிகைகளின் நிழல் விழுந்தது. ஓரிடத்தில் மக்களின் குரல், முதற்கல் விழுமுன் கோட்டைக்குள் கேட்டது. மற்றோரிடத்தில், மாடிமேல் மாடியாகக் கட்டடம் எழுந்த பிறகே சட்டம் கண் விழித்தது. இரண்டுக்கும் விளைவு என்ன என்று பாருங்கள். பிறகு தீர்ப்பு உங்களுடையது.

முதலில் மெக்சிகோ.

அந்நாட்டின் வடமேற்கே, ஒருபுறம் பசிபிக் பெருங்கடலும் மறுபுறம் கலிபோர்னியா வளைகுடாவும் அலைமோத, நீண்ட விரல்போல் தெற்கே இறங்குகிறது ஒரு பாலைநிலத் தீபகற்பம். பாஹா கலிபோர்னியா என்று பெயர். அதன் தென்கோடியை நெருங்குமிடத்தில், வளைகுடாவைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் சிற்றூர் காபோ புல்மோ. சில நூறு பேருக்குள் அடங்கிவிடும் மக்கள் தொகை. முன்னோர் முத்துக் குளித்தனர். பின்வந்தோர் மீன் பிடித்தனர். ஊருக்கு எதிரே கடலுக்கடியில் கரையை ஒட்டிப் படர்ந்து கிடக்கிறது பவளப் பாறைத் தொடர். அதுதான் அவர்களுக்கு வயல், அதுதான் களஞ்சியம்.

அந்தக் களஞ்சியம் ஒருநாள் வற்றலாயிற்று. வெளியிலிருந்து வந்த பெரும் படகுகள் வாரின; ஊராரும் தம் பங்குக்கு வாரினர். வலையில் விழும் மீன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. மீனைத் தேடிப் படகு போகும் தொலைவோ ஆண்டுக்கு ஆண்டு கூடிற்று. அப்போது அம்மக்கள் என்ன செய்தனர்? பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து பவளத்தின் நிலையை எடுத்துரைத்தபோது, செவி கொடுத்தனர். கண்ணாடி அணிந்து கடலுக்குள் இறங்கித் தாமே பார்த்தனர். பார்த்த பிறகு, "இந்தக் கடலைக் காவலில் வையுங்கள்" என்று அரசைத் தாமே கேட்டனர். ஆம் தோழர்களே, மீன் பிடித்துப் பிழைத்தவர்களே மீன் பிடிப்பை நிறுத்தக் கேட்டனர்! 1995ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 7,111 ஹெக்டேர் பரப்பு, அதாவது ஏறத்தாழ 17,500 ஏக்கர், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பது எளிது. ஏட்டில் பூங்காவாகவும் கடலில் கொள்ளைக் காடாகவும் கிடக்கும் இடங்கள் உலகில் எத்தனையோ உண்டு. காபோ புல்மோ அப்படி ஆகவில்லை. சட்டம் பூங்காவின் ஒரு பகுதியில் மட்டுந்தான் மீன் பிடிப்பதை அறவே தடுத்தது. ஊராரோ பூங்கா முழுவதையுமே தடை நிலமாகக் கருதிக் காத்தனர். வலையை மடித்து வைத்துவிட்டு, கடலின் அழகைக் காண வரும் விருந்தினருக்கு வழிகாட்டிகளாயினர். கரையேறி முட்டையிடும் ஆமைகளுக்கு இரவுக் காவல் நின்றனர். வருமானம் குறைந்த நாள்களும் உண்டு, பொறுத்தனர்.

பொறுமைக்குப் பலன் கிடைத்ததா? ஆய்வாளர்கள் 1999இல் கடலடியில் இறங்கி அளந்தபோது, ஹெக்டேர் ஒன்றுக்கு முக்கால் டன் எடையுள்ள மீன் இருந்தது. அதே இடத்தில் 2009இல் அளந்தபோது 4.24 டன்! பத்தே ஆண்டுகளில் 463 விழுக்காடு உயர்வு! சுறாவும் பெருங்களவாவும் போன்ற, பிற மீனைத் தின்று வாழும் பெரிய மீன்களோ பதினொரு மடங்கு பெருகியிருந்தன. பாரை மீன்கள் பெருங்கூட்டமாகச் சுழன்று வரும் காட்சியைக் காண நாடு நாடாக மக்கள் வரலாயினர். 2011இல் இந்தக் கணக்கு ஆய்விதழில் வெளிவந்தபோது அறிவுலகம் வியந்தது. எந்தப் பெருமுதலாளியும் அதற்கு முதல் போடவில்லை. மீனவ மக்களின் தன்னடக்கமே அங்கு முதல்.

இப்படி மக்கள் காத்து வளர்த்த கரையின்மீதுதான் 'வளர்ச்சி' வந்து இறங்கிற்று!

ஸ்பெயின் நாட்டு நிறுவனமொன்று, ஹன்சா உர்பானா என்று பெயர், பூங்காவின் வடக்கு எல்லையை ஒட்டி 3,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் ஓர் உல்லாசபுரி எழுப்பத் திட்டமிட்டது. ஏறத்தாழ 30,000 அறைகள், கோல்ஃப் மைதானங்கள், சீமான்களின் 490 படகுகள் நிற்க ஒரு துறை, கடல்நீரைக் குடிநீராக்க ஓர் ஆலை. சில நூறு பேர் வாழும் சிற்றூரின் பக்கத்தில், மழையையே அரிதாகக் காணும் பாலைநிலத்தில், ஒரு பெருநகரம்! திட்டத்துக்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: 'காபோ கோர்ட்டெஸ்'. அந்த வளைகுடாவுக்குக் கோர்ட்டெஸ் கடல் என்றும் ஒரு பெயருண்டு. 1521இல் மெக்சிகோவின் அஸ்டெக் தலைநகரைத் தரைமட்டமாக்கிய ஸ்பானியப் படைத்தலைவனின் பெயர் அது. 1535இல் இந்தத் தீபகற்பத்திலும் அவன் கால் வைத்தான். அவன் வாளோடு வந்தான். இவர்கள் வரைபடத்தோடு வந்தனர்!

இதற்கு இசைவு தந்தவர் யார்? மெக்சிகோவின் சுற்றுச்சூழல் அமைச்சகம்! 2008இல், சில நிபந்தனைகளைச் சேர்த்து, "கட்டலாம்" என்று கையெழுத்திட்டது. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமென ஏற்ற கலிபோர்னியா வளைகுடாப் பகுதிகளில் காபோ புல்மோவும் ஒன்று என்பது அந்த அமைச்சகத்துக்குத் தெரியாததன்று. தெரிந்தே போட்ட கையெழுத்து அது.

"திட்டம் பூங்காவுக்குள் இல்லையே, வெளியில்தானே இருக்கிறது!" என்று வாதாடினர். மேலோட்டமாகக் கேட்டால் நியாயம்போலத் தோன்றும். ஆனால் வரைபடத்தில் இழுத்த கோடு கடலில் கிடையாது தோழர்களே! வடக்கே கரையைத் தோண்டினால் கலங்கும் சேறு நீரோட்டத்தோடு தெற்கே வரும். பவளம் வாழ வெயில் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும். சேறு படிந்தால் மூச்சு முட்டிச் சாகும். கோல்ஃப் புல்லுக்குப் போடும் உரம் கடலில் கலந்தால் பாசி பெருகிப் பவளத்தை மூடும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வெளியே தள்ளுவதோ, உப்புச் செறிந்த கழிவு. வேலிக்கு வெளியே நெருப்பு வைத்துவிட்டு, "உங்கள் வீட்டுக்குள் வைக்கவில்லையே" என்று சொல்வது போன்றதன்றோ இந்த வாதம்!

அடுத்தது, வேலை வாய்ப்பு. இந்த வாதத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. வேலையற்றவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். பவளத்தைக் காட்டி அவன் பசியைத் தீர்க்க முடியாது. எனவே நேர்மையாகவே கேட்போம்: என்ன வேலை? யாருக்கு? எத்தனை நாளைக்கு? சில நூறு பேர் வாழும் ஊர், 30,000 அறைகளுக்கு ஆள் தர இயலாது. தொலைதூர மாநிலங்களிலிருந்து ஏழைகளைத் திரட்டித்தான் வர வேண்டும். அவர்களுக்குக் குடிநீர் எங்கே? குடியிருப்பு எங்கே? மாளிகைக்கு நீர் தரும் ஆலை வரைபடத்தில் முதலிடம் பெறும். மாளிகையைத் துடைப்பவன் குடிசைக்குக் குழாய் எப்போதும் அடுத்த ஐந்தாண்டுக்குத் தள்ளிவைக்கப்படும். படகுக்குத் தலைவனாகவும், விருந்தினர்க்கு வழிகாட்டியாகவும், தன் வீட்டிலேயே விடுதி நடத்துபவனாகவும் இருப்பவனைப் பிறர் விடுதியில் பணியாளாக மாற்றுவதை வேலை தருவது என்று சொல்வதா, இருந்த தொழிலைப் பறிப்பது என்று சொல்வதா?

பார்க்க வரும் விருந்தினரை அம்மக்கள் வெறுக்கவில்லை. விருந்தினரால்தான் அவர்கள் வாழ்கின்றனர். விருந்தினர் வந்து போகட்டும். கரையை விலைக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டாம் என்பதுதான் அவர்கள் கட்சி.

மேலும் அவர்கள் கண்முன் ஒரு பாடமும் இருந்தது. அதே மெக்சிகோவின் கிழக்குக் கரையில், 1970ஆம் ஆண்டுகளில் அரசே முன்னின்று எழுப்பிய கான்கூன் நகரம். காயலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் திட்டின்மீது விடுதிகளை வரிசையாக நிறுத்தினர். 2005 அக்டோபரில் வில்மா என்னும் சூறாவளி வீசியபோது, அந்தக் கடற்கரை மணலையே கடல் வாரிக்கொண்டு போயிற்று. பெரும்பொருள் செலவிட்டுக் கடலடியிலிருந்து மணல் அள்ளிக் கொட்டினர். சில ஆண்டுகளில் மறுபடியும் கொட்ட வேண்டியதாயிற்று! ஆதாயம் விடுதிகளின் கணக்கில். மணல் கொட்டிய செலவில் பெரும்பங்கு பொதுமக்களின் கணக்கில்.

இவையெல்லாம் தெரிந்துதான் காபோ புல்மோ எழுந்தது. ஊரார் எழுந்தனர், ஆய்வாளர் துணை நின்றனர், 'உயிரோடிருக்கும் காபோ புல்மோ' எனும் பொருளுடைய பெயரில் ஒரு கூட்டணி அமைந்தது. கிரீன்பீஸ் போன்ற உலக அமைப்புகளும் குரல் கொடுத்தன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் அரசிடம் சென்றது. அமைச்சகத்தின் கையெழுத்து ஒன்று. அதற்கு எதிரே மக்களின் கையெழுத்து இரண்டு இலட்சம்!

2012ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் பெலிப்பே கால்டெரோன் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். இவ்வளவு பெரிய திட்டத்தால் மீளாத கேடு விளையாது என்பது ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும்; அது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவர் காட்டிய காரணம். மூன்று நாள் கழித்து அதே லாஸ் காபோஸ் வட்டாரத்தில் இருபது நாடுகளின் தலைவர்கள் கூடும் மாநாடு; இரண்டு வாரங்களில் நாட்டில் பொதுத்தேர்தல். காரணம் எதுவாயினும் ஆகுக! அறிவு வந்து திருந்தினாரோ, தேர்தல் வந்து திருந்தினாரோ, திருந்த வைத்தது மக்களின் குரல்.

இந்த இடத்தில்தான் நான் சொன்ன கணக்கு வருகிறது. கவனமாகக் கேளுங்கள்.

அந்த உல்லாசபுரிக்குப் பின்னே கடன் கொடுத்து நின்றது, ஸ்பெயினின் அலிக்காந்தே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சேமிப்பு வங்கி. வீட்டுமனை வணிகத்தில் கண்மூடிப் பணத்தைக் கொட்டிய அந்த வங்கி 2011இல் நொடித்தது. ஸ்பெயின் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் வேறொரு வங்கிக்கு விற்றது. என்ன விலைக்குத் தெரியுமா? ஒரே ஒரு யூரோவுக்கு! 2008இல் இசைவு கிடைத்தவுடனே, எதிர்ப்பேதும் இன்றிக் கட்டடப் பணி தொடங்கியிருந்தால், 2011இல் என்னவாகியிருக்கும்? தோண்டிய துறை பாதியில் நிற்கும். எழுப்பிய சுவர் பாதியில் நிற்கும். சேறு படிந்த பவளம் செத்துக் கிடக்கும். வேலையும் வந்திராது, மீனும் மிஞ்சியிராது. முன்னேற்றத்தின் பகைவர் என்று யாரை ஏசினரோ, அவர்களே அந்த அழிவிலிருந்து நாட்டைக் காத்தவராயினர். எதிர்ப்பு நட்டமா, ஆதாயமா? இப்போது சொல்லுங்கள்!

"இது ஊகம்; பாதியில் நின்றிருக்கும் என்பதற்கு என்ன உறுதி?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஊகம் வேண்டாம், அதே ஸ்பெயின் நாட்டில் கண்ணால் காணக்கூடிய சான்றே இருக்கிறது.

ஸ்பெயினின் தென்கிழக்கே, அல்மெரியா மாவட்டத்தில், காபோ தெ கதா எனும் கடற்கரை 1987இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1988இல் வந்த கடற்கரைச் சட்டமோ, கரையிலிருந்து நூறு மீட்டருக்குக் காவல் விதித்தது. இத்தனைக்கும் பிறகு, அந்தப் பூங்காவின் எல்லைக்குள்ளே, அல்கரோபிக்கோ என்னும் கடற்கரையில் விடுதி கட்ட 2003இல் கார்போனெராஸ் ஊராட்சி இசைவு தந்தது. குன்றைக் குடைந்து, அலைக்கு அருகிலேயே இருபது மாடி! 411 அறைகள்! அங்கும் வேலை கிடைக்கும் என்றுதான் சொன்னார்கள். வேலையை நம்பி ஊராரில் பலர் விடுதியின் பக்கமே நின்றனர். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். எதிர்த்தோரும் இருந்தனர், வழக்கும் தொடுத்தனர். ஆனால் நீதிமன்றம் பணியை நிறுத்தச் சொன்னது 2006இல். அதற்குள் கட்டடம் ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது!

பிறகு? வழக்கின்மேல் வழக்கு. ஒரு தீர்ப்பு விடுதிக்கு எதிராக, அடுத்தது விடுதிக்கு ஆதரவாக, மீண்டும் எதிராக. நிறுவனம் நட்டஈடு கேட்டது. நடுவண் அரசும் மாநில அரசும் ஊராட்சியும் பொறுப்பை ஒருவர்மீது ஒருவர் சுமத்தின. இருபதுக்கு மேற்பட்ட தீர்ப்புகள் வந்தன. கிரீன்பீஸ் தொண்டர்கள் சுவரேறி, 'சட்டத்துக்குப் புறம்பான விடுதி' என்று பெரிய எழுத்தில் எழுதினர். 2016இல் உச்சநீதிமன்றம், அது கட்டடம் கட்டத் தகாத நிலம் என்று முடிவாகச் சொன்னது. இடித்தார்களா? இல்லை! 2025 பிப்ரவரியில்தான், கடற்கரைப் பொதுநிலத்தை ஒட்டிய பகுதியைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை ஸ்பெயின் அரசு அறிவித்தது. பணி நின்று பத்தொன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன! ஒரு விருந்தினரும் ஓர் இரவும் தங்காத விடுதி. ஓர் ஊழியரும் ஒரு நாளும் பரிமாறாத விடுதி. வேலை எங்கே என்று கேட்டால், வழக்கறிஞர்களுக்கு மட்டுந்தான் அது வேலை தந்தது!

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காபோ புல்மோவில் திட்டம் ஏட்டோடு போயிற்று, கடல் கடலாகவே இருக்கிறது, இடிப்பதற்கு ஒன்றுமில்லை. அல்கரோபிக்கோவில் சட்டம் வென்றது, கடற்கரை தோற்றது. ஏன்? வரைபடத்தைக் கிழிப்பது எளிது. வானளாவிய கட்டடத்தை இடிப்பது அரிது. கட்டி முடித்துவிட்டால் சட்டம்கூடக் கட்டடத்துக்கு முன் கைகட்டி நிற்கிறது. கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "முதலில் எழுப்பிவிடு, பிறகு வழக்காடிக் கொள்ளலாம்" என்பதே அவர்களின் மந்திரம். அந்த மந்திரத்துக்கு மாற்று ஒன்றுதான்: முதற்கல் விழுமுன்பே மக்கள் கேட்பது, கேட்டால் அரசு செவி சாய்ப்பது.

ஆகையால்தான் சொல்கிறோம்: காலத்தில் எழும் எதிர்ப்பு, அரசுக்குச் செய்யும் பணி. பல கோடிச் செலவில் பின்னால் கற்க வேண்டிய பாடத்தை, ஒரு மனுத்தாளின் விலையில் முன்னாலேயே கற்பிப்பது. அந்தப் பணியைச் செய்பவனைப் பகைவன் என்று ஏசுவது, தீப்பிடித்ததைக் கண்டு கூவுகிறவனைத் தூக்கத்தைக் கெடுத்தான் என்று அடிப்பதற்கு நிகர்.

ஆனால் ஒருமுறை வென்றுவிட்டோம் என்று உறங்கிவிடவும் முடியாது. காபோ கோர்ட்டெஸ் கைவிடப்பட்டு இரண்டே ஆண்டுகள். 2014இல் அதே நிலத்துக்கு வேறொரு திட்டம் வந்தது. இப்போது அதற்கு 'காபோ தொராதோ' என்று பெயர். பொன்முனை என்று பொருள். வாளேந்திய படைத்தலைவனின் பெயர் போய்ப் பொன்னின் பெயர் வந்தது. அறைகளின் எண்ணிக்கை மட்டும் மறுபடியும் ஆயிரக்கணக்கில்! ஊரார் மறுபடியும் எழுந்தனர். அவ்வாண்டே அதுவும் திரும்பப் பெறப்பட்டது. முதலுக்குப் பொறுமை உண்டு. பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வரும். மக்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

எனவே தோழர்களே! எந்தக் கடற்கரையிலேனும் உல்லாசபுரி எழப்போகிறது என்ற செய்தி கேட்டால், மகிழ்வதற்கு முன்னும் சினப்பதற்கு முன்னும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அந்தக் கரையை இதுகாறும் காத்தவர் யார்? அவர்களிடம் கேட்டார்களா? தருவதாகச் சொல்லும் வேலை, இருக்கும் தொழிலை விடப் பெரியதா? முதல் போட்டவர் நொடித்தால், எஞ்சும் இடிபாட்டுக்கு யார் பொறுப்பு? நான்குக்கும் நேரான விடை கிடைத்தால், வரவேற்போம், தோரணம் கட்டுவோம். விடை கிடைக்காத வரையில் எதிர்ப்போம். காலத்தில் எதிர்ப்போம், சட்டத்தின் வழியில் எதிர்ப்போம், கையெழுத்தாலும் கணக்காலும் எதிர்ப்போம்.

உலக வரைபடத்தில் ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு மீனவச் சிற்றூர், 30,000 அறைகளைத் தன் கரையில் காலூன்றவிடாமல் தடுத்தது. படையால் அன்று, பணத்தால் அன்று. காலத்தில் கேட்ட கேள்வியால்! அந்தக் கேள்வி கேட்கும் உரிமை, நம்மிடமும் இருக்கிறது. கல் விழுமுன் அதைப் பயன்படுத்துவோம்!